பழகப் பழகப் பாலும் புளிக்கும்: கள்ளுக்கடை முதல் தூக்க மாத்திரை வரை

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்குத் தூக்கம் என்பது கூலியோடு சேர்ந்த விஷயம். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழ வேண்டும். இருட்டோடு பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். முதல்நாள் இரவு சரியாகத் தூங்காதவருக்கு மறுநாள் கை நிதானம் தவறும். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் போட்டுவிடும். கங்காணியின் ஏச்சு வந்து சேரும்.

அந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் பகாவிலும் கிளினிக் வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். "தூக்கம் வரமாட்டேங்குது டாக்டர்" என்பதுதான் பலரும் சொல்லும் முதல் வார்த்தை. திரும்பும்போது சிலரது கையில் இரண்டு மாத்திரைப் பொட்டலங்கள் இருக்கும். ஒன்று மனச்சோர்வுக்கு. மற்றொன்று தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும். முதல் மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இரண்டாவது மருந்து அன்றிரவே கண்ணை மூட வைக்கும். அன்றிரவே கண்ணை மூட வைப்பதாலேயே அதன் மேல் நம்பிக்கை வளர்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சில நாளைக்கு என்று தொடங்கிய மாத்திரை நிரந்தரமாகி நிற்கிறது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். புளித்த பிறகும் விட முடியவில்லை என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வி மாத்திரையோடு பிறந்ததல்ல. தோட்டப்புறத்து மக்கள் இதே கேள்வியை வேறொரு வடிவில் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள்.

அன்று கள், பிறகு சம்சு

பிரிட்டிஷார் சுங்கை ஊஜோங் என்று அழைத்த சிரம்பான் வட்டாரத்தில் 1880களில் காபித் தோட்டங்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபி போய் ரப்பர் வந்தது. லிங்கி, ரந்தாவ், லாபு, மந்தின் என்று காடு அழிந்து தோட்டம் எழுந்த இடமெல்லாம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறைக்கான ஆள்சேர்ப்பு 1910இல் நின்றது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

ஊரையும் உறவையும் விட்டு வந்தவனுக்கு லயத்து வீடு கிடைத்தது, தோட்டத்து மருந்தகம் கிடைத்தது, கூடவே கள்ளுக்கடையும் கிடைத்தது. மலேரியாவுக்குக் கொய்னா உண்டு. மன வலிக்கு? அதற்கு அந்திப்பொழுதில் திறக்கும் கள்ளுக்கடைதான் மருந்தகம். முதல் மங்கு உடல் அலுப்பைத் தீர்த்தது. சில மாதத்தில் அதே அலுப்பைத் தீர்க்க இரண்டு மங்கு வேண்டியிருந்தது. கள் போதாதபோது சம்சு வந்தது. சம்பளம் குடித்துக் கரைந்தது, அடுப்பு அணைந்தது.

இதன் கேட்டை வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1941இல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று கள் விற்பனையை நிறுத்த வேண்டும் என்பது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி 28ஆம் நாள் பீடோங்கில் அது மோதலாக வெடித்தது.

இரண்டுக்கும் நடுவே போர்க்காலம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். பெரும் பகுதியினர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்க அன்று மருத்துவம் இல்லை. துக்கமும் பயமும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தன. குடிப்பவனைக் குடிகாரன் என்று சொன்னார்களே தவிர, அவன் எதை மறக்கக் குடிக்கிறான் என்று கேட்டவர் குறைவு.

ஓர் ஊரின் பெயரே வசையான கதை

மனநோய் என்றால் தோட்டப்புறத்தில் தெரிந்த ஒரே சொல் தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் 1911இல் தொடங்கப்பட்ட மனநோய் மருத்துவமனை அங்கேதான் இருந்தது. தெற்கே ஜொகூரில் தம்போய் மருத்துவமனை 1937இல் வந்தது. முன்னது இன்று பகாகியா மருத்துவமனை, பின்னது பெர்மாய் மருத்துவமனை. பகாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றி இத்தனை ஆண்டுகள் ஆகியும், 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்ற ஏளனம் ஊர்ப் பேச்சிலிருந்து முழுமையாகப் போகவில்லை.

இந்த ஏளனத்துக்கு ஒரு விலை உண்டு. மனம் சோர்ந்திருக்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்ற பயத்தில், தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டார்கள். மருத்துவர் கேட்கும் மற்றக் கேள்விகளுக்கு "ஒண்ணும் இல்ல" என்பதே பதில். சொன்ன நோய்க்குத்தானே மருந்து கிடைக்கும்? தூக்கம் வரவில்லை என்றவருக்குத் தூக்க மருந்து கிடைக்கிறது. அடியில் இருக்கும் சோர்வு அப்படியே இருக்கிறது.

"இது ஆபத்தில்லாதது"

தூக்க மருந்துகளின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவது தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோமைடு, குளோரல் என்று மருந்துகள் இருந்தன. 1903இல் பார்பிட்டால் வந்தது. முந்தியதைவிட இது மேல் என்றார்கள். அந்தப் பார்பிட்டுரேட் மருந்துகள் அரை நூற்றாண்டுக்கு உலகை ஆண்டன. அளவு கொஞ்சம் கூடினாலே மூச்சு நின்றுவிடும் என்பதும், பழகினால் விட முடியாது என்பதும் பல உயிர்கள் போன பிறகே உறைத்தன.

அடுத்து வந்தவர் லியோ ஸ்டெர்ன்பாக். ரோஷ் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வேதியியலாளர். பயனில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு கலவையை 1957இல் சோதனைக்கு அனுப்பினார். அது பதற்றத்தை அடக்கும் மருந்தாக அமைந்தது. 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1963இல் அதன் தம்பியாக வேலியம் வந்தது. பென்ஸோடையாஸிபின் என்பது இந்தக் குடும்பத்தின் பெயர். பின்னாளில் வந்த லோராஸிபாம், அல்பிராஸோலாம், குளோனாஸிபாம், மிடாஸோலாம் எல்லாம் அதே குடும்பம்தான்.

பார்பிட்டுரேட்டைவிட இவை பாதுகாப்பானவை என்பது உண்மையே. அந்த ஒப்பீட்டை 'ஆபத்தே இல்லை' என்று உலகம் எடுத்துக்கொண்டதுதான் தவறு. லிப்ரியம் வந்த மறு ஆண்டே, 1961இல், அமெரிக்க மருத்துவர் லியோ ஹோலிஸ்டரும் குழுவினரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மிக அதிக அளவில் பல மாதங்கள் லிப்ரியம் எடுத்த நோயாளிகளில் 11 பேருக்கு அதைத் திடீரென நிறுத்தி, மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். 10 பேருக்குப் புதிய தொல்லைகள் வந்தன. இருவருக்கு வலிப்பு வந்தது. எச்சரிக்கை அச்சில் இருந்தது. ஆனால் விற்பனை ஏறிக்கொண்டே போனது.

சாதாரண அளவில் எடுத்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தின் நியூகாசலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். 1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான பதற்றத்துக்கு 2 முதல் 4 வாரம் வரை மட்டுமே இவற்றைக் கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல்தான், பழக்கத்துக்கும் நிறுத்தத் தொல்லைக்கும் எதிரான கட்டம் கட்டிய எச்சரிக்கையை இந்தக் குடும்பத்து மருந்துகள் அனைத்துக்கும் விதித்தது. 1961க்கும் 2020க்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்தபோது

மனச்சோர்வுக்கான மருந்தின் கதை வேறு பாதையில் வந்தது. காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாஸிட் என்ற மருந்து, நோயாளிகளின் மனத்தையும் உற்சாகப்படுத்துவதை 1950களில் கவனித்தார்கள். அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் இமிப்ரமினின் பலனைக் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். 1987இல் அமெரிக்கா புரோசாக்கை அனுமதித்த பிறகு, எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற புது வகை உலகெங்கும் பரவியது.

பழையதோ புதியதோ, இந்த மருந்துகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. இன்று விழுங்கினால் நாளை குணம் தெரியாது. இரண்டு வாரம், நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். முதல் சில நாளில் சிலருக்குப் படபடப்பு கூடுவதும் உண்டு. அந்த இடைவெளியைக் கடக்கத்தான் பென்ஸோடையாஸிபினைத் துணைக்கு அழைத்தார்கள். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்த லிம்பிட்ரோலை அமெரிக்கா 1977இல் அனுமதித்தது.

இது கெட்ட எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அல்ல. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2001, 2019 அறிக்கைகள், முதல் நான்கு வாரத்தில் கூட்டு மருந்து கூடுதல் பலன் தருவதையும், பக்கவிளைவால் பாதியில் மருந்தை விட்டுப் போவோர் குறைவதையும் காட்டின. ஆனால் அதற்கு அப்பால் அந்தக் கூடுதல் பலன் நிலைக்கவில்லை. தொடக்கத்தில் நல்லது, தொடர்ந்தால் தேவையில்லை என்பதே இதன் சுருக்கம்.

தொடக்கத்தோடு நிற்கிறதா? 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 2001 முதல் 2014 வரை மனச்சோர்வு மருந்து தொடங்கிய 7,65,130 பேரின் பதிவுகளை அலசியது. சுமார் நூற்றுக்குப் பதினொருவர் இரண்டு மருந்தையும் ஒரே சமயத்தில் தொடங்கியிருந்தார்கள். அப்படித் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 12 பேர் தூக்க மாத்திரையை நீண்ட காலத்துக்குத் தொடர்ந்தார்கள். ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர்.

மூளைக்குள் நடப்பது என்ன?

தோட்டத்து லோரி செங்குத்தான மலைச்சரிவில் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் பிரேக் ஒன்று உண்டு. காபா என்ற ரசாயனம்தான் அது. பென்ஸோடையாஸிபின் அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்துகிறது. மூளையில் இந்த மருந்து போய் ஒட்டும் இடத்தை 1977இல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

பிரேக்கை எந்நேரமும் மிதித்துக்கொண்டே ஓட்டினால் என்ன ஆகும்? பிடிமானம் குறையும். மூளையும் அப்படித்தான். தினமும் மருந்து வருகிறது என்று தெரிந்ததும், அந்த இடங்களின் உணர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது. முதல் வாரம் அரை மாத்திரைக்கு வந்த தூக்கம் சில வாரம் கழித்து ஒரு மாத்திரைக்கும் வருவதில்லை. உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்பதன் பொருள் இதுதான்.

இந்த நிலையில் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் பிரேக் இல்லாத லோரிதான். தூக்கமின்மை முன்னைவிட மோசமாகும். கை நடுங்கும், வியர்க்கும், பதற்றம் தலைக்கேறும், சிலருக்கு வலிப்பே வரும். "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் என்னால் இருக்க முடியாது, என் நோய் அப்படி" என்று நோயாளி நினைக்கிறார். உண்மையில் அதில் பெரும்பகுதி, மருந்து பிரிந்ததால் வந்த தொல்லை. நோயையும் மருந்துத் தொல்லையையும் பிரித்தறியத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓடிவிடுகிறது.

கூட்டாக எடுக்கும்போது இன்னொரு சங்கதியும் உண்டு. ஃபுளுவோக்ஸமின், ஃபுளுவாக்ஸ்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள், டையாஸிபாம், அல்பிராஸோலாம் ஆகியவற்றைக் கல்லீரல் கரைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே அதே அளவு மாத்திரை பெரிய அளவு போல வேலை செய்யும். அதிகாலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கும், நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் அந்த மப்பு உயிரோடு விளையாடும் காரியம். வயதானவர் இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். மாத்திரைக்கு மேல் பீரோ சம்சுவோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். பழைய கள்ளுக்கடையும் புதிய மாத்திரையும் ஒரே உடம்பில் சந்திக்கும் இடம் இது.

தோட்டம் போன பின்

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோதே பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1990களில் எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் எழுந்து 1998இல் திறக்கப்பட்டது. இப்பால் நீலாய், லாபு, சிரம்பான் பகுதிகளில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தில் வேலை போனால் வீடு போகும். வீடு போனால் கோயிலும் பள்ளியும் பக்கத்து லயத்து அக்காவும் போவார்கள். அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பாட்டிக்கு இரவில் தூக்கம் வரவில்லை என்றால், அதற்கு அவருடைய நரம்பு மட்டுமா காரணம்?

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019இல் வயது வந்தோரில் நூற்றுக்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணித்தது. 2023 ஆய்வில் அது 4.6 ஆனது. நான்கே ஆண்டில் இரட்டிப்பு. சிகிச்சை தேவைப்படுவோர் பெருகுகிறார்கள் என்பதால், சிகிச்சையைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிவதும் அவசியமாகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள் இந்த மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தராமல் விற்கவிடாமல் கட்டுப்படுத்துகின்றன. ஆனாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நிமெட்டாஸிபாம், 'எரிமின் 5' என்ற பெயரில் போதைச் சந்தையில் புழங்கியதை நாடறியும். இந்தியாவில் மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோபிராமையும் குளோனாஸிபாமையும் ஒன்றாக அடைத்த மாத்திரைகள் விற்பனையில் உண்டு. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர் கொண்டுவந்த அட்டையில் இரண்டு பெயர் அச்சாகியிருந்தால், ஒரு மருந்து சாப்பிடுவதாக நினைப்பவர் இரண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதில் ஒன்றை மட்டும் குறைக்கவும் அவரால் முடியாது.

ஒரே ஒரு கேள்வி

இதைக் கேட்டுவிட்டு இன்றே மாத்திரையைக் குப்பையில் போட யாராவது நினைத்தால், அது மிகப் பெரிய ஆபத்து. நீண்ட நாள் எடுத்தவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். 2025இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு வரை குறைத்துத் தொடங்கலாம் என்கிறது. சிலருக்கு மாதங்கள் ஆகும், அதனால் கேடில்லை. மனச்சோர்வு மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது. அதற்கு மேலும் மேலும் அளவைக் கூட்டக் கேட்கும் வெறி இல்லை என்றாலும், திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். விட்ட நோயும் திரும்பலாம்.

புதிதாக மருந்து வாங்குவோருக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: "இந்த ரெண்டாவது மாத்திரை எத்தனை நாளைக்கு, டாக்டர்?" முதல் நாளே கேட்க வேண்டும். பதிலை மருந்து உறையின் மேலேயே எழுதி வாங்க வேண்டும். குடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கிளினிக்கில் வாங்கியது தீர்ந்துவிட்டதென்று இன்னொரு கிளினிக்குக்குப் போகக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கேட்டதென்று அவர் மாத்திரையில் பாதி வாங்கி விழுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கம் வரவில்லை என்பதோடு நிறுத்தாமல், மனசு சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மருத்துவரும் சரியான மருந்தைத் தேட முடியும். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் ஹீல் உதவித் தொலைபேசி 15555 இருக்கிறது.

அன்றைய தோட்டத் தொழிலாளி கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தெருவில் நின்றான். இன்றைய மாத்திரையை மூடச் சொல்ல வேண்டியதில்லை. அது தேவையான மருந்து, தேவையான நாளுக்கு மட்டும். அந்த நாளை எண்ணிக் கேட்கிற துணிவு நோயாளிக்கும், தூக்கம் போன காரணத்தை உட்கார்ந்து கேட்கிற பொறுமை வீட்டாருக்கும் வந்துவிட்டால், தாத்தா காலத்தில் மங்கில் தொடங்கிய கதை பேரன் காலத்தில் மாத்திரை அட்டையில் தொடராது.